இதயக் கட்டிடத்தின் நேரம்

அன்று நடைபாதை அறையில் ஆறு பேர் இருந்தோம். இதயப் பிரிவின் தலைவனாக நான். மூளைப் பிரிவின் தலைவராக என் தங்கையின் கணவர். இரண்டு பிரிவுகளின் பதிவுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த என் தங்கை. நோயாளிகளின் இடுப்பில் ஈ.சி.ஜி. பதிவுக் கருவியைக் கட்டிவிடுபவர். அவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்போம். மூளை வார்டின் தலைமைச் செவிலி, பெரிய சிஸ்டர். மேசையின் தலைமாட்டில் மருத்துவமனையின் தலைவி, டீன் அம்மா. வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது; சாத்தியவன் நான்.

முப்பத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. டீன் அம்மாவும் பெரிய சிஸ்டரும் இப்போது இல்லை. மீதி நால்வரில் எழுதும் பழக்கம் உள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவமனையில் இரண்டு கட்டிடங்கள். கிழக்கே இதயம், மேற்கே மூளை. நடுவில் தகரக் கூரை போட்ட நீண்ட நடைபாதை. அதன் பாதி வழியில் பழைய துணிகள் போட்டுவைத்திருந்த ஓர் அறை இருந்தது. எங்கள் ஆராய்ச்சிக்கென்று டீன் அம்மா அதைக் காலி செய்து கொடுத்தார். ஒரு மேசை, ஆறு நாற்காலி, இரண்டு இரும்பு அலமாரி. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கத்திக் கத்திப் பேசிப் பழகிப்போய், வெயில் நாளிலும் அங்கே கத்திக்கொண்டுதான் இருந்தோம்.

என் தங்கைக்கு ஒரு முறை இருந்தது. மூளைக் கட்டிடத்துக்குள் கணவரை "டாக்டர்" என்பாள். இதயக் கட்டிடத்துக்குள் என்னை "சார்" என்பாள். நடைபாதையில் கால் வைத்ததும் நான் அண்ணன், அவர் "என்னங்க". ஒரே ஒரு வாரம் தவிர, ஒரு நாளும் இது தவறியதில்லை. எங்கள் குடும்பத்தில் வளர்ந்தவள் அப்படித்தான் இருப்பாள்.

ஆராய்ச்சி தொடங்கியது ஒரு வாய்ச்சண்டையில். ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

"என்ன சொன்னாலும் மச்சான், உங்க ஹார்ட்டு ஒரு பம்பு. மேல இருந்து உத்தரவு வந்தா ஓடும். வரலைன்னா நிக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"பம்பு நின்னா உத்தரவு போடுற இடத்துல விளக்கு எரியாது மாப்பிள்ளை. அதையும் கொஞ்சம் யோசிங்க."

"யோசிக்கிறதே எங்க டிபார்ட்மெண்ட்தான். நீங்க துடிங்க, போதும்."

தங்கை துண்டை நீட்டினாள். "பன்னண்டு வருஷமா இதே பாட்டு. வாய் வலிக்காதா? யாராவது ஒருத்தர் எழுதி வெச்சுப் பாத்தீங்களா, எது முன்னாடி எது பின்னாடின்னு?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுதி வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அந்த வாரமே டீன் அம்மாவிடம் போய் நின்றோம்.

கேள்வி எளியது. லேசான பக்கவாதம் வந்து தேறியவர்களில் சிலருக்குத் திடீரென்று சில நிமிடங்கள் பேச்சு சிக்கும், கையில் இருப்பது நழுவும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உட்காருவார்கள். அதே ஆட்களில் பலருக்கு இதயத் துடிப்பும் அவ்வப்போது தாளம் தப்பும். இரண்டில் எது முதலில் வருகிறது? மூளை தடுமாறி இதயத்தைத் தடுமாறச் செய்கிறதா, இதயம் தடுமாறி மூளையைக் கவிழ்க்கிறதா? பெட்டிக்காரர் பெட்டியில் நேரம் வைத்து நோயாளிக்குக் கட்டிவிடுவார். ஒரு முழு நாள் துடிப்பு அதில் பதிவாகும். மூளை வார்டின் செவிலியர் பேச்சு சிக்கும் நேரத்தை நோட்டில் எழுதுவார்கள். தங்கை இரண்டையும் பொருத்திப் பார்ப்பாள்.

வியாழக்கிழமைகள் எங்களுடையவை. பெட்டியில் பதிவானதை நீளக் காகிதத்தில் வரையவைத்து, அந்தச் சுருளை நடைபாதைத் தரையில் உருட்டிவிடுவோம். நாற்பது அடி, ஐம்பது அடி போகும். காற்றில் பறக்காமலிருக்க இரு பக்கமும் மருந்துப் புட்டிகள். ஒரு பக்கம் நான் முழந்தாளிட்டிருப்பேன், எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை. அவர் குனியும்போது முழங்கால் சொடுக்குப் போட்டதுபோல் சத்தமிடும்.

"டாக்டர், உங்க மூளைகிட்ட சொல்லி அந்த முட்டியைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க" என்பார் பெரிய சிஸ்டர்.

ஒருமுறை டீன் அம்மா அந்த வழியே வந்தார். காகிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்துபோனார். அந்தக் காகிதத்தின் மெழுகு வாசனையையும், பிளாஸ்க்கில் ஆறிப்போன தேநீரையும், தங்கை காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலையும் நினைத்தால் இப்போதும் என் முதுகு வலி மறந்துபோகிறது.

நாற்பத்தொரு பேரைப் பதிவு செய்தோம். இரண்டு வருடம். முடிவு வந்தபோது மாப்பிள்ளை நடைபாதையில் ஏறக்குறைய ஓடிவந்தார். ஒன்பது பேரைத் தவிர மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் பேச்சு முதலில் சிக்கியிருந்தது. ஏழு நிமிடம் கழித்து இதயம் தாளம் தப்பியிருந்தது.

"ஏழு நிமிஷம் மச்சான்! மூளை மணி அடிச்சு ஏழு நிமிஷம் கழிச்சுதான் உங்க ஆளு எழுந்திருக்கிறார். அந்த ஏழு நிமிஷத்துல ஒரு ஊசி போடலாம். எத்தனை பேரைக் காப்பாத்தலாம்!"

"வாழ்த்துகள் மாப்பிள்ளை" என்றேன்.

"வாழ்த்து சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கலாமே. வரி விதிக்க மாட்டாங்க."

நான் நம்பவில்லை. ஆனால் எண்கள் அப்படித்தான் இருந்தன. எண்களோடு மல்லுக்கு நிற்பது எனக்கு வழக்கமில்லை. கட்டுரையை அனுப்பினோம். பெரிய மருத்துவ இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. மூன்று பெயர்கள்: மாப்பிள்ளை, நான், தங்கை. அவள் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. ஏற்றுக்கொண்ட கடிதத்தின் நகலைக் கைப்பையில் மடித்து வைத்திருந்தாள். கேட்பவருக்கெல்லாம் காட்டமாட்டாள். கேட்காதவர்களுக்குக் காட்டினாள்.

அச்சாக மூன்று வாரம் இருக்கும்போது ஒரு திங்கள் மதியம் என் அறைக்கு வந்தாள். இதயக் கட்டிடத்துக்குள் வந்தும் "சார்" என்று சொல்லவில்லை.

"அண்ணா, கதவைச் சாத்தட்டுமா?"

உட்கார்ந்தாள். மூளை வார்டின் நோட்டு ஒன்றை என் முன் விரித்தாள். பேச்சு சிக்கிய நேரத்துக்குப் பக்கத்தில் செவிலி ஒருத்தி பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: நாடி ஒழுங்கில்லை.

"பேச்சு சிக்கின அதே நிமிஷத்துல கையைப் பிடிச்சுப் பாத்திருக்காங்க. நாடி தப்புது. ஆனா பெட்டியில அந்த நேரத்துக்குப் பாத்தா துடிப்பு அச்சுல வார்த்த மாதிரி ஒழுங்கா இருக்கு. இதே மாதிரி ஆறு நோட்டுல இருக்கு."

"செவிலி தப்பாப் பாத்திருக்கலாம்."

"ஆறு பேரும் தப்பாவா? சரி, இதைப் பாருங்க. முப்பத்திரண்டு பேருக்கும் ஏழு நிமிஷம். ஒருத்தருக்கு நாலு, ஒருத்தருக்குப் பதினஞ்சுன்னு இருந்தா நம்பலாம். எல்லாருக்கும் ஏழு. மனுஷ உடம்பு இவ்வளவு ஒழுக்கமா இருக்காதுண்ணா."

"மீதி ஒன்பது பேர்?"

"அவங்களுக்கு ரெண்டும் ஒரே நேரம். அந்த ஒன்பதும் பெட்டிக்காரர் பொண்ணு கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்த நாளுங்க. அவருக்குப் பதிலா வந்தவர் தன் கைக்கடிகாரத்தைப் பாத்து நேரம் வெச்சிருக்கார்." சற்று நிறுத்தினாள். "பெட்டிக்காரர் எதைப் பாத்து வெப்பார்னு உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். என் தலைக்கு மேலே சுவரில் இருந்தது.

எங்கள் அப்பா வீட்டுக் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னே வைத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டார் எந்த இடத்துக்கும் தாமதமாகப் போனதில்லை. பள்ளிக்கூடத்துக்கு, ரயிலுக்கு, துக்க வீட்டுக்கு, எதற்கும். அந்தப் பெயர் எங்களுக்கு ஊரில் இருந்தது. எப்படி வந்தது என்பதை வெளியாருக்குச் சொல்வதில்லை. நான் இதயப் பிரிவின் பொறுப்பை ஏற்ற முதல் நாள், நாற்காலியில் ஏறி வார்டுக் கடிகாரத்தை ஏழு நிமிடம் தள்ளி வைத்தேன். ஒரு மாதத்தில் எங்கள் கட்டிடத்தில் யாரும் தாமதமாக வருவதில்லை என்ற பெயர் வந்தது. மூளைக் கட்டிடத்துக்காரர்கள் கவனித்திருந்தாலும், சுவர்க் கடிகாரம் கொஞ்சம் முன்னே பின்னே ஓடுவது எங்கும் உள்ளதுதானே என்று விட்டிருப்பார்கள். எங்களுக்கோ அது பழகிப்போய்விட்டது. மனதுக்குள் ஏழைக் கழிப்பதுகூடக் கழிப்பதாகத் தோன்றாது.

ஆராய்ச்சி தொடங்கிய அன்று பெட்டிக்காரர் என்னிடம் கேட்டார்: "சார், பெட்டிக்கு எந்த நேரம் வைக்கட்டும்?" நான் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "கடிகாரம் எதுக்கு சுவத்துல மாட்டிருக்கு?" என்றேன். அவர் கேட்டது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

தங்கையிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. "அது அப்பா வெச்ச நேரம். அதைப் பத்தி யாரும் வாய் திறக்கக் கூடாது" என்றேன்.

"அப்பா வீட்டுக்கு வெச்சார். ஆஸ்பத்திரிக்கு வெச்சது நீங்க."

என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டேன்.

"அச்சுல வந்த பிறகு வேற ஊர்ல யாராவது திருப்பிச் செஞ்சு பாப்பாங்க. ஏழு நிமிஷம் வராது. கணக்குப் பாத்தது யாருன்னு கேப்பாங்க. அந்த இடத்துல என் பேர்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி எவனாவது டாக்டர் ஏழு நிமிஷம் இருக்குன்னு நம்பி ஊசியை மெதுவா எடுத்தா?"

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்ல? அவர்கிட்ட சொன்னா அண்ணன் ஜெயிக்கணும்னு பண்றேம்பார். உங்ககிட்ட சொன்னா அப்பாவைக் குறை சொல்றேன்னு நினைப்பீங்க. ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல அந்த நடைபாதை மாதிரி கெடக்கிறேன்."

"வியாழக்கிழமை கூட்டத்துல பேசிக்கலாம்" என்றேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று நாள் நான் அந்தக் கடிகாரத்தின் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அண்ணாந்து பார்க்கவில்லை. கட்டுரையை நிறுத்த வேறு காரணம் ஏதாவது சொல்ல முடியுமா என்று தேடினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை டீன் அம்மாவையும் அழைத்திருந்தோம். தங்கை எழுந்து நின்று, பெட்டிகளின் நேரம் ஏழு நிமிடம் முந்தியிருந்தது என்றும், முப்பத்திரண்டு பதிவுகள் செல்லாது என்றும் சொன்னாள். ஏன் முந்தியிருந்தது என்று சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. எனக்காக அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "ஆறு மாசமா சரின்னு சொன்ன கணக்கு இன்னிக்குத் தப்பா? அச்சுக்குப் போன பிறகா? நீ பாத்த கணக்குத்தானே இது?"

"நான் பாத்ததுதான், டாக்டர்."

நடைபாதை அறையில் அவள் அவரை அப்படி அழைத்தது அன்று ஒருமுறைதான்.

"கணக்குல தப்பா, பதிவுல தப்பா? எனக்கு அது தெரியணும்" என்றார் டீன் அம்மா. "ஒருத்தர் பேரைச் சொல்லித்தான் கட்டுரையை நிறுத்த முடியும்."

பெட்டிக்காரர் எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "பெட்டியில நேரம் வைக்கிறது நான்தாங்கம்மா. நான்தான் தப்பா வெச்சுட்டேன். மேடம் மேல ஒண்ணும் இல்லை."

அவர் சொன்னதில் என் பெயர் இல்லை. எங்கள் கட்டிடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெற வேண்டியவர்.

"உட்காருங்க" என்றேன். அதுவரை அவரை நான் "உட்காரு" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நான் எழுந்து நின்று சொன்னேன். அப்பாவின் கடிகாரம், வார்டுக் கடிகாரம், பெட்டிக்காரர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். எல்லாவற்றையும் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய சிஸ்டர் பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருட உழைப்பு. ஏழு நிமிடத்தில் காப்பாற்றுவதாக அவர் கணக்கிட்டிருந்த உயிர்கள். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றேன்.

"மச்சான்" என்றார். "கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா வாசல்ல நின்னு, மாப்பிள்ளை அஞ்சு நிமிஷம் தாமதம்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னாரே. அது எந்தக் கடிகாரம்?"

"வீட்டுக் கடிகாரம்."

"அப்ப நான் ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்திருக்கேன்." மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா இது?"

"பதினாலு வருஷமா சொல்லணும்னுதாங்க இருந்தேன்" என்றாள்.

டீன் அம்மாதான் முதலில் சிரித்தார். மாப்பிள்ளைக்கு உடனே சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்து, "சரி, எழுதுங்க மச்சான்" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை என் கையால் எழுதினேன். இதயப் பிரிவின் தலைவர் கருவிகளுக்குத் தவறான நேரத்தைக் கொடுத்தார், கணக்கில் பிழை இல்லை, பிழையைக் கண்டுபிடித்தவர் கணக்குப் பார்த்தவரே என்று மூன்று வாக்கியம். முதல் கையெழுத்து என்னுடையது. அச்சுக்குப் பதினோரு நாள் இருந்தபோது கடிதம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை நானே நாற்காலியில் ஏறி முள்ளைப் பின்னால் திருப்பினேன். ஒரு வாரம் பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இன்னும் இரண்டு வருடம், ஐம்பத்தெட்டுப் பேர். என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த இரண்டைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வியாழனும் தொடங்கும் முன் மாப்பிள்ளை தன் மணிக்கட்டை நீட்டுவார். "நேரம் சொல்லுங்க மச்சான், எல்லாரும் ஒத்துக்கலாம்." பெட்டிக்காரர் தன்னுடையதை நீட்டுவார், பெரிய சிஸ்டர் இடுப்பில் குத்தியிருந்ததைத் திருப்பிக் காட்டுவார். ஒத்துப்போனால்தான் சுருளைப் பிரிப்போம். தகரத்தில் மழை விழும். நாங்கள் கத்துவோம். முழந்தாளிட்டபடியே மாப்பிள்ளையும் நானும் அந்தக் கோடுகளின் மேல் விரல் வைத்து, அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் வந்து, ஒரே இடத்தில் முட்டிக்கொள்வோம்.

முடிவு சிறியதுதான். பெரும்பாலோருக்கு இரண்டும் ஒரே நிமிடத்தில் வந்தன. எது முன் எது பின் என்று எங்கள் கருவிகளால் பிரிக்க முடியவில்லை. ஆனால் பேச்சு சிக்காத நேரங்களிலும் பலருக்குத் துடிப்பு தாளம் தப்பியிருந்தது. அவர்களின் நினைவாற்றலைச் சோதித்தால் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது. அதனால் பக்கவாதத்துக்கு வந்தவரின் இதயத்தையும், இதயத்துக்கு வந்தவரின் நினைவையும் பார்க்க வேண்டும் என்று எழுதினோம். ஒரு சிறிய இதழ் வெளியிட்டது. முதல் பெயர் யாருடையது என்பதில் மறுபடி வாய்ச்சண்டை. அவர் முதலில் வர நான் சம்மதிக்கவில்லை, நான் முதலில் வர அவர் சம்மதிக்கவில்லை. "ரெண்டு பேரும் தள்ளுங்க" என்று தங்கை தன் பெயரை மேலே எழுதினாள். அடுத்தது பெட்டிக்காரர் பெயர். நாங்கள் இருவரும் கடைசியில்.

சென்ற மாதம் மருத்துவமனையின் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். தங்கையும் வந்திருந்தாள். எனக்குப் பின் வரிசையில் இருந்த இளம் மருத்துவர்கள் இருவர் அவளைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெரிய கட்டுரை நின்றுபோனதாம். அந்த அம்மா கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டாராம். அண்ணனும் கணவரும் பெரிய டாக்டர்கள் என்பதால் பழியைத் தங்கள் மேல் போட்டு மூடிவிட்டார்களாம். அவர் மனசு நோகக் கூடாது என்று அடுத்த கட்டுரையில் முதல் பெயராகப் போட்டார்களாம்.

அப்படி இல்லை. அவள் கணக்கில் பிழை எதுவும் இருந்ததில்லை. பிழை என்னுடையது, அதைக் கண்டுபிடித்தவள் அவள். முதல் பெயரை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளே எழுதிக்கொண்டாள்.